ஒரு மேக்னெட்டோ, இரண்டு வண்டிகள்

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் விலை ஏறிவிடும்.
முப்பத்தாறாம் வருடத்து ஒற்றை சிலிண்டர்.
செய்த ஆலை போரில் எரிந்தது,
வரைபடங்களும் கூடவே எரிந்தன.
மிஞ்சியதில் ஒன்று சாரேமா தீவில், என்னிடம்.
இன்னொன்று ஹீயுமா தீவில், ஆர்வோவிடம்.
நடுவில் ஒரு மணி நேரக் கடல்.
இரண்டுக்கும் சேர்த்துப்
பொறி கொடுக்க மேக்னெட்டோ ஒன்றே ஒன்று.

மற்றதெல்லாம் எப்படியோ கிடைத்தது.
கிளட்ச் தட்டுக்குக் கார்க்.
ஒயின் புட்டி மூடிகளைக் கேட்டு வாங்கி அறுத்தேன்,
அந்த மாதம் முழுக்க வார்டில்
என் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார்கள்.
முன்விளக்குக் கண்ணாடி
ரீகாவைத் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில்,
மல்லாந்து கிடந்தது,
குஞ்சுகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.
குடித்து முடிக்கும்வரை நின்றேன்.
பெட்ரோல் குழாயின் திருகுக்கு மட்டும் மூன்று வருடம்.
அது எந்த நாட்டு மரையும் இல்லை,
யாரோடும் சேரக்கூடாது என்றே
அந்த ஆலை கடைந்த சொந்த மரை.

மேக்னெட்டோ இருக்க வேண்டிய இடத்தில்
என் வண்டியில் ஒரு துளை.
முதன்முதலாகப் போனில் கேட்டேன்:
விற்பீர்களா?
"செத்த பிறகு."
எப்போது?
மறுமுனையில் சத்தமே இல்லை.
பிறகு இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

அவர் வண்டிக்கு இரண்டாவது கியர் கிடையாது.
ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவும்,
மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.
என்னிடம் அந்தப் பல்சக்கரம் இரண்டு இருந்தது.
ஒன்றைக் கொடுத்தேன்.
ஒப்பந்தம் இதுதான்:
ஜூலையும் ஆகஸ்டும் மேக்னெட்டோ எனக்கு.
மிச்ச மாதமெல்லாம் அவருக்கு,
பனி விழுந்து ஓட்டாவிட்டாலும் அவருக்கு.

பதினோரு வருடம்.
கம்பளிக் காலுறைக்குள், செருப்புப் பெட்டிக்குள்,
கப்பல் கேன்டீன் லெய்தாவின் கையில்
போகும், வரும்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு.
"நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மழை."
"பாயின்ட் இடைவெளி தேய்த்துச் சரிசெய்தேன். வீர்வே."
"சுருள் சூடாகிறது. மதியத்தில் ஓட்டாதே."
ஒன்று ஓடினால் மற்றது ஊமை.
அவர் வண்டியின் சத்தத்தை நான் கேட்டதில்லை.

இந்த வசந்தத்தில் போலந்தில் ஒருத்தர்
அச்சு அசலாக ஒரு கூடு வார்த்து
உள்ளே மின்னணுச் சில்லு வைத்து அனுப்பினார்.
மூன்று மாதச் சம்பளம்.
ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.
அதுவே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

ஜூலை முதல் தேதி பெட்டி வழக்கம்போல் வந்தது.
மூன்றாம் தேதி அதைப் பின்னால் கட்டிக்கொண்டு
வண்டியோடு கப்பலேறினேன்.
அக்கரைத் துறையில் ஆர்வோ
சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.
குனிந்தார். கூட்டின் மேல் காதை வைத்தார்.
நான் நினைத்ததைவிட நெடுநேரம் வைத்திருந்தார்.
"நன்றாக ஓடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை."

பெட்டியை நீட்டினேன்.
இனி உங்களுடையதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்,
இன்றைக்கே மாட்டலாம்,
இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டலாம்.
அவர் கையை நீட்டவில்லை.
"இது ஜூலை" என்றார்.
இருந்தாலும், என்றேன்.
"ஜூலை."

கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.
வண்டி துடைத்துத் துடைத்து இருட்டிலும் தெரிந்தது.
மேக்னெட்டோ இருந்த துளையில் தூசி போகாமலிருக்க
ஜூனிபர் கட்டையில் கடைந்த ஓர் அடைப்பு,
பிடித்து இழுக்கத் தலையில் ஒரு சிறு குமிழ்.

என் கோட்டுப் பையில் கைவிட்டு
என்னுடையதை எடுத்தேன்.
அதே மரம், அதே அளவு.
என் குமிழ் கொஞ்சம் கோணல்.
இதைப் பற்றி நாங்கள்
எந்தச் சீட்டிலும் எழுதிக்கொண்டதில்லை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்.
பிறகு காபி போட்டார், பாலில்லாமல்.

செப்டம்பர் ஒன்று ஞாயிற்றுக்கிழமை.
லெய்தாவுக்கு விடுமுறை.
இரண்டாம் தேதி அனுப்புகிறேன்.