நறநற

புனிதமலர்தான் இழுத்துக்கொண்டு போனாள்.
கிம்பர்லி சாலையைத் தாண்டி ஒரு சந்து.
சவப்பெட்டிக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத நீலக் கதவு.
உள்ளே ஆறு நாற்காலி,
ஆறும் ஆறு வீட்டில் பிறந்தவை.

"எல்லாமே இங்கேயே செய்றது," என்றாள்
கடைக்காரி ஊய் சின் யீ.
முழங்கையில் பழைய தீக்காயம்.
பவுடர் கிடையாது, கலர் கிடையாது.
கோனைக்கூடக் காலையில் இவளே சுட்டு
சூடு ஆறுமுன் சுருட்டிவிடுவாள்.
பாலிக் புலாவிலிருந்து ஜாதிக்காய்
மூட்டையாய் வரும், இவளே கீறுவாள்.
பால் வந்தால் முதல் மடக்கு இவளுக்கு.
மாடு நேற்று என்ன தின்றதென்று
சொல்லிவிடுவாளாம்.

நான் தலையாட்டினேன்,
அர்ச்சனையில் யாரோ ஒருவருடைய
நட்சத்திரம் சொல்லும்போது ஆட்டுவது மாதிரி.

எனக்கு வாசனை போய்ப் பதினான்கு மாதம்.
மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.
அப்புறம் காப்பி என்றால்
கசக்கிற வெந்நீர்.
கேஸ் கசிந்தால்
என் பூனைக்குத்தான் தெரியவேண்டும்.
டுரியான் மூட்டையோடு ஒருவர் லிஃப்டில் ஏற
எல்லாரும் இறங்கிக்கொள்ள
பதினெட்டாம் மாடிவரை
நானும் அவரும் மட்டும் போயிருக்கிறோம்.

மலரிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு நின்றுவிடும்.

மரக்கரண்டிகள் வந்தன.
முதலில் புங்கா கந்தான்.
"இஞ்சிக்குப் பூ வெச்சி விட்ட மாதிரி இருக்குடி,"
மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்குக் குளிர், இனிப்பு.
"ஆஹா," என்றேன்.
அடுத்து குலா மலாக்கா.
குளிர், இனிப்பு, ஒரு கல் உப்பு.
"ஆஹா."
பாண்டான்.
பச்சையாக இருந்தது. "ஆஹா."

சின் யீ கல்லாவில் சாய்ந்து
என்னையே பார்த்தாள்.
"மூணுக்கும் ஒரே ஆஹா," என்றாள்.

ஆகவே சொல்லவேண்டியதாகிவிட்டது.

மலரின் கரண்டி பாதி வழியில் நின்றது.
"பதினாலு மாசமா?
அப்போ என் குழம்பு?"
"காரம் தெரியும்," என்றேன்.
"புளிப்பும்."
அது அவளுக்குப் போதவில்லை.

சின் யீ 'ஐயோ' சொல்லவில்லை,
காசு வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
உள்ளே போய்
நேற்றைய ஜாதிக்காய் டப்பாவோடு வந்தாள்.
"சாப்பிட்டுச் சொல்லு."

வாயில் வைத்தேன்.
வழக்கம்போல் குளிர். வழக்கம்போல் இனிப்பு.
பிறகு, எல்லாம் உருகிப் போகும் நேரத்தில்,
மேலண்ணத்துக்கும் நாக்குக்கும் இடையில்
ஏதோ ஒன்று, ரவையிலும் பாதி,
கரைய மறுத்தது.
இன்னொன்று.
"மண்ணு மாதிரி," என்றேன். "நறநறன்னு."

"கிடையாது," என்றாள்.
ஒரு கரண்டி தின்றாள். "கிடையாது."
வாயைக் கொப்பளித்து
மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு
மறுபடி தின்றாள்.

வெளியே ஒரு மோட்டார்
உறுமி உறுமி அடங்கியது.

"இருக்கு."

ராத்திரி கரண்டு போய்த்
திரும்ப வந்திருக்கிறது.
கொஞ்சம் உருகி, மறுபடி உறைந்து
ஐஸ் பல் முளைத்திருக்கிறது.
காலையிலிருந்து பதினோரு பேர் சாப்பிட்டார்கள்,
இவளும் சாப்பிட்டாள்.
ஜாதிக்காய் மணம் முன்னால் நின்று
எல்லாரையும் சிரித்து அனுப்பிவிட்டது.

நாலு லிட்டரையும் சட்டியில் கவிழ்த்தாள்.
உருக்கி, வடிகட்டி,
முதலிலிருந்து.

பதினாறு வெள்ளி. சரியாக வாங்கிக்கொண்டாள்.
ரசீதின் பின்னால் எழுதித் தந்தாள்,
செவ்வாய், மூணு மணி.
"அன்னைக்கிக் காசு வேணாம்.
மூக்கு சரியாயிட்டா மட்டும்
வராதே."

கொம்தார் வரைக்கும் மலர் பேசவில்லை.
பஸ் நிறுத்தத்தில் திரும்பினாள்.
"என் குழம்புல என்ன தெரியுது?
உண்மையைச் சொல்லு."
யோசித்தேன்.
"வெங்காயம் வதங்கறதே இல்லை, மலர்.
ரெண்டு வருஷமா."

முதுகில் ஓர் அடி விழுந்தது.
நல்ல கனமான அடி.
கையிலிருந்த கோனின் நுனியை
அப்படியே வாயில் போட்டுக் கடித்தேன்.
எதிர்ச்சாரி வரை கேட்டிருக்கும்
அது உடைந்த சத்தம்.