இருபத்துமூன்று வரிகள்

நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்திட்டாயிற்று.
மொன்டெவிடேயோவிலிருந்து ஒருவர் காப்பிக் கறையோடு,
ஆர்ஹூஸிலிருந்து ஒருத்தி, பிரசவ வார்டில் படுத்தபடி.
ஒரு வங்கி,
தன் ஊழியன் இரவு மூன்று மணிக்கு எழுதியது
அவனுடையதா தன்னுடையதா என்று
ஏழு வாரம் யோசித்த பிறகு.
இறந்துபோன ஒருவருக்காக அவர் மகள்
வாரிசுச் சான்றிதழை இணைத்திருந்தாள்.
‘அப்பா ராத்திரியெல்லாம் என்னதான் செய்தார்,
இப்போதாவது சொல்லுங்கள்’ என்று ஒரு குறிப்பும்.

பாக்கி ஒருவர்.
எலோய் கார்பயேதா. இருபத்துமூன்று வரி.

கடல் வற்றும் நேரம் சொல்கிற எங்கள் நிரலை
கம்பாதோஸ் கரையில் சிப்பி கிளறும் பெண்கள்
கைபேசியில் வைத்திருக்கிறார்கள்.
முள்வாரியும் வாளியுமாய் அவர்கள் சேற்றில் இறங்குவது
அந்த இருபத்துமூன்று வரியை நம்பித்தான்.
பன்னிரண்டு வருடம் முன்பு அனுப்பியிருந்தார்.
தானமாக வந்த மாட்டின் பல்லை
அன்று யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.
ஒப்பந்தத் தாள் என்று ஒன்று
எங்களிடம் இல்லவே இல்லை.

இப்போது உரிமம் மாற வேண்டும்.
பணம் தருகிறவர்கள் அப்படிச் சொல்கிறார்கள்.

துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் அவரைப் பிடித்தேன்.
கை ஈரம். தாளை நான் பிடித்துக்கொள்ள
முழுக்கப் படித்தார், அடிக்குறிப்பு உட்பட.
எங்கள் வக்கீலுக்குப் பிறகு
அதை முழுக்கப் படித்த ஒரே ஆள்.
“எடுக்கிறவன் எதை மாற்றினாலும்
அதையும் எல்லாருக்கும் திறந்து வைக்கணும்,
அப்படிச் சொல்லித்தானே கொடுத்தேன்?
அந்த வாக்கியம் இதில் எங்கே?”
இல்லை, என்றேன்.
“அப்போ என் பெயரும் இல்லை.”
கோபமெல்லாம் கிடையாது.
புறப்படும்போது ஒரு மீனை ஐஸில் பொதிந்து தந்தார்.
அதற்கு நிபந்தனை எதுவும் சொல்லவில்லை.

வெட்டி எறிவது ஒரு நொடி வேலை.
அதே காரியத்தை வேறு சொல்லில் எழுத
அவற்றைப் பார்த்தேயிராத கண்கள் வேண்டும்.
என் கண்கள் ஏற்கெனவே கெட்டவை.
ஒன்பதாம் வரியில் அவர் நிலவைத் திருப்பிவிடும் இடம்
தூக்கத்திலும் வரும் எனக்கு.

ஷியானா வந்தாள்.
சிப்பிக் கூட்டுறவின் கணக்காளர்,
மாலை வகுப்பில் நிரல் படித்தவள்.
என்ன வேண்டும் என்று அவளிடம் சொல்லலாம்.
எப்படி என்று மூச்சு விடக் கூடாது.
நாள் தருவோம், துறைமுகம் தருவோம், நிலவின் வயது தருவோம்,
நீ ஒரு நிமிடத்தைத் திருப்பித் தா.
ஒருவன் நடந்து காட்டிய விதத்தை விழுங்கிக்கொண்டு
அவன் போய்ச் சேர்ந்த ஊரை மட்டும் சொல்வதுபோல்
நாக்கைக் கடித்துக் கடித்துப் பேசினேன்.

நாற்பது வரியில் எழுதினாள். நன்றாகவே இருந்தது.
சரிபார்க்கத் திறந்தபோதுதான் கவனித்தேன்,
சோதனைக் கோப்பும் எலோய் எழுதியது.
அதை நான் எண்ணவே இல்லை.

பிறகு வேறு யாரிடம் போய்க் கேட்பது?
மார்ச் மாதத்துப் பெருவற்று நாளில்
அளவுகோலோடு படித்துறையில் நின்றோம்.
அவள் நிரல் சொன்னது ஒன்பது பதினொன்று.
ஒன்பது பதினொன்றுக்கு நீர்
இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
ஒரு விரல். அப்புறம் அரை விரல்.
ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார், நின்றார்,
கோலைப் பார்த்தார், ஷியானாவைப் பார்த்தார்.
“மூணு நிமிஷம் முந்திட்டே.
அரௌசா தீவு குறுக்கே கிடக்குது இல்ல,
தண்ணி சுத்திக்கிட்டுப் போக வேணாமா?”
வண்டிச் சக்கரம் கல்லில் தடதடத்துப் போயிற்று.

ஷியானா குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.
‘தீவு’ என்று எழுதியும்விட்டாள்.
அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன்.
இது பங்களிப்பா,
போகிற போக்கில் ஒருவர் பேசிவிட்டுப் போனதா?
இதற்கும் தாளை நீட்ட வேண்டுமா?
அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.

ஒன்பது பதினான்கு.
தூரத்துச் சேற்றில் முதல் பெண்
முதுகை நிமிர்த்தி, கைபேசியைப் பார்த்துவிட்டு,
வாளியைத் தூக்கினாள்.
அவளிடம் இருப்பது இன்னும் பழைய பதிப்பு.