ஷூவைக் கழற்றும் இடம்

எனக்கு முன்னாலேயே வந்து போயிருக்கிறார்
அந்த இன்னொரு கல்லூரியின் கோச்.
காசிமேட்டு ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
அவர் குடித்துவைத்த கலர் பாட்டில்
வாசலில் இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஷூவைக் கழற்றினேன்.
அஞ்சுகம் முகத்தைப் பார்க்கவில்லை,
காலைப் பார்த்தார்.
இரண்டாம் விரலை.
இடது, பிறகு வலது.

"ஒரு மெட்டி போட்டுக்கோங்க மேடம்,
பேரண்ட்ஸ் கேக்குறாங்க, ஹாஸ்டல் வேற."
போன வருஷம் பிரின்சிபால் அறையில்
அக்கறையாகத்தான் சொன்னார்கள்.
ஷூவுக்குள் கிடக்கும் வெள்ளியை
எந்தப் பேரண்ட் வந்து பார்க்கப்போகிறார் என்று சிரித்தேன்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
பதினொரு மாத காண்ட்ராக்ட் ஆறு மாதமானது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்.
எதையும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்.
"நல்ல கோச்தான், ஆனா..."
அந்த ஆனாவில் நிறுத்தி
பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்திருப்பார்.
கொருக்குப்பேட்டையில் ஒரு லிபரோ,
திருவொற்றியூரில் அக்கா தங்கை இரண்டு பேர்,
எல்லாரும் அந்த ஆனாவோடு போனவர்கள்.
பதினாறு வருஷமாக
ஒரு முழங்கையைத் திருத்துவதற்கு முன்னால்கூட
தொடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.
அவர் கேட்பதில்லை.
அவர் வீட்டில் மெட்டி போட்ட மனைவி இருக்கிறார்.

லோகிதா குடத்தோடு மாடியேறி வந்தாள்
மூச்சு வாங்காமல்.
நிலைப்படியில் தலை இடித்து இடித்து
குனியப் பழகிய உயரம்.
முதலில் அதை நிமிர்த்தணும் என்று
என் மனசு அதன் வேலையைப் பார்த்தது.

மீன் அரிந்த கையை முந்தானையில் துடைத்தபடி
"அந்த சாரு உன்னப் பத்தி ஒரு மேரி பேசிச்சு" என்றார் அஞ்சுகம்.
கீழே கன்டெய்னர் லாரி ஒன்று
போய் முடியும்வரை பேசவில்லை.
"அத்த வுடு.
அது ரெண்டு ஜோடி ஷூ தரேன்னுச்சு.
நீ இன்னா தருவ?"

வலிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல்
ஒரு ஜோடி என்றேன்.
அப்புறம், காலையில் முட்டை. இரண்டு.
"பேஜாரு," என்றார். "ரோசன பண்ணி சொல்றேன்."
அந்த ரோசனையில் ஷூ எத்தனை பங்கு,
ஆனா எத்தனை பங்கு?

படியிறங்கும்போது போன்.
திரையில் 'காஸ் ஏஜென்சி'.
எட்டு வருஷமாக அந்தப் பேரில்தான் அழைக்கிறாள்:
வரும்போது கறிவேப்பிலை, மாத்திரை போட்டியா,
இன்றைக்கு, "புள்ள கெடச்சாளா?"

பதில் சொல்ல வாயெடுக்கையில்
"ஒம்போது!" என்று மேலிருந்து ஒரு குரல்.
எத்தனை கேலரிகளில் கேட்டது.
தோள் தானாகச் சுருங்கியது.

நிமிர்ந்தேன்.
கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே தொங்க
லோகிதா மறுபடி கத்தினாள்,
"ஒம்போது நம்பரு மிஸ்!
எட்டு வாங்கினு வந்துடாத, கடிக்கும்!"