கட்டை இறக்கும் காலை

நவம்பர் கடைசியில், ஹாம் நகரச் சந்தைவெளியில்
நானும் டெட்லெஃபும் கொங்கிரீட் கட்டைகள் இறக்குகிறோம்.
ஒவ்வொன்றும் இரண்டு தொன்.
லொறி வந்தால் மறிக்குமாம்.
மறிக்கட்டும், அதில் எனக்கு விவாதமில்லை.
என் மகளும் நாளை இங்கேதான்
சீனியில் வறுத்த பாதாம் வாங்க நிற்பாள்.

தேநீர் நேரத்தில் டெட்லெஃப் கேட்கிறான்:
"உவங்களுக்கெல்லாம் என்னதான் பிரச்சினை?"

உவங்கள்.
தொண்ணூற்றாறில், புகலிடப் படிவத்தின்
பதினேழாம் கேள்வியில்
நானும் உவங்களில் ஒருத்தன்.
'இல்லை' என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன்,
மச்சான் குகநேசனின் முகத்தை
மற்றக் கையால் பொத்திக்கொண்டு.

புத்தகம் படித்து அவன் இயக்கத்துக்குப் போகவில்லை.
சோதனைச்சாவடியில் தகப்பனை
முழங்காலில் நிற்கவைத்த அன்று
சைக்கிளைப் பூட்டாமல் போனான்.
அவன் வைத்த குண்டில்
பஸ்ஸுக்கு நின்ற ஒரு தாதியும் செத்தாள்.
அந்த முழங்காலைச் சொல்லிக்கொண்டு
அவள் வீட்டுக் கதவை என்னால் தட்டமுடியாது.
இரண்டும் நடந்தது.
ஒன்று மற்றதைக் கழுவாது.

இதைச் சொல்ல என் ஜெர்மன் காணாது.
தமிழும் காணாது.

சொன்னது இவ்வளவுதான்:
ரயில்பாதைக்குப் பின்னால்
இளைஞர் மன்றத்தைப் பூட்டினார்களே,
பிங்பொங் மேசையை லொறியில் ஏற்றியதும் நாமிருவரும்தான்.
பொடியன்கள் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாங்கள்.
மார்வின் என்றவன் மட்டும் கேட்டான்,
"இனி எங்க போறது?"

டெட்லெஃப் சாம்பலைத் தட்டினான்.
"அது நகரசபை முடிவு."

கட்டைக்கு அடியில் சங்கிலி சிக்கிவிட்டது.
குனிந்து இழுத்தோம்.
இன்னும் பதினொன்று கிடந்தது.