பொருள் எண் அறுபத்தொன்று

மன்றம் கூடும் நாளில்
எனக்கு நான்கு பென்சில் தருவார்கள்.
மூன்றைச் சீவி வைத்துக்கொள்வேன்.
நான்காவது மகனுக்கு.

ஐம்பத்தெட்டு: பூங்கா நீரூற்றுக்கு வண்ண விளக்கு.
ஏகமனதாக.
ஐம்பத்தொன்பது: பாலத் தூண்களில் ஓவியம்.
ஏகமனதாக.
அறுபது: தெருநாய்கள்.
நாற்பது நிமிடம், ஒரு வெளிநடப்பு,
போனவர்கள் மூவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

அறுபத்தொன்றைத் தொடும்போது மணி ஒன்று பத்து.
கீழே அண்டாவைத் திறந்துவிட்டார்கள்.
பிரியாணி வாசம் ரிப்பன் மாளிகைப் படியேறி வந்து
பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தது.

பதினோரு மாநகராட்சிப் பள்ளிகளை
அருகிலுள்ளவற்றோடு இணைத்தல்.
"சேர்க்கை குறைந்ததால் நிதி குறைக்கப்பட்டது"
என்றார் துணை ஆணையர்.
"நிதிய கொறச்சதாலதான் சேர்க்கை கொறஞ்சுது"
என்றார் டில்லிபாபு.
சுருக்கெழுத்தில் இரண்டுக்கும்
ஏறக்குறைய அதே கோடுகள்.
எது முன்னால் என்பதுதான் சண்டை.

"வீட்டு வரி ரசீதுல
கல்வி வரின்னு ஒரு வரி கீது.
அந்த வரிய மட்டும் படிங்க.
எவ்ளோ வந்துச்சு, எங்க போச்சு?"
பதில் பின்னர் மேசையில் வைக்கப்படும் என்றார்கள்.
எழுதினேன்.
போன ஆண்டும் எழுதியிருக்கிறேன்,
அதே பக்கவாட்டில்.

அப்போதுதான் ஜெகதாம்பாள் எழுந்தார்.
மூன்று வருடப் பேச்சையும் சேர்த்தால்
அரைப் பக்கம் தேறாதவர்.
துணிக்கடைப் பைக்குள் கைவிட்டு எடுத்து
மேசையில் வைத்தார்.
டங்.
மைக் அதைப் பிடித்துக்கொண்டது.
பித்தளைக் குழாய். மரை தேய்ந்தது.

"பதினொண்ணுல ஒண்ணு எங்க தெருவுல.
எழுவத்தாறு பொம்பளப் புள்ளைங்க, நாலு கொழா.
மூணு போன வருசமே போச்சு.
நாலாவத எவனாவது அடிக்கிறதுக்கு முன்னாடி
நானே கழட்டினு வந்துட்டேன்.
இப்ப அங்க ஒண்ணுமில்ல.
உங்க கணக்கு நேராயிடுச்சு."

சிரித்தார்கள். அவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.
"பாத்ரூம் போவணுமேன்னு
காலைலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல அதுங்க.
அப்புறம் ஏன் வேற ஸ்கூலுக்குப் போவாதுங்க?"

மன்றத்துக்குள் பொருள்களைக் கொண்டுவரக் கூடாது,
என்றது மேடை.
"இதான சார் பொருள் எண் அறுபத்தொண்ணு"
என்றது பின்வரிசையில் ஒரு குரல்.
குழாய்
அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.

நீக்கினேன்.
தபேதாருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
என் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.
கைகள் உயர்ந்தன; பொருள் நிறைவேறியது.
ஜெகதாம்பாளின் கை உயரவுமில்லை, மறுக்கவுமில்லை.
காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தது.

பண்டகசாலையில் கேட்டேன்.
எந்தத் துறைப் பொருள் என்றார்கள்.
கல்வித் துறை, கட்டடத் துறையைக் கேள் என்றது.
கட்டடத் துறை பட்டியலைப் புரட்டி
அப்படி ஒரு பள்ளியே இல்லையே என்றது.
போன வாரம்வரை இருந்தது.

அதனால் குழாய் என் இழுப்பறையில் இருக்கிறது.
பென்சிலுக்காக இழுக்கும்போதெல்லாம்
உருண்டு வந்து முட்டும்.
டங்.
அதற்குச் சுருக்கெழுத்தில் குறி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் குறிப்பில் இல்லை:
என் மகன் படிப்பது மாநகராட்சிப் பள்ளியில் அல்ல.
யாரும் கேட்கவில்லை.
அடுத்த மாதம் அவன் டெர்ம் ஃபீஸ்.
அடுத்த மாதக் கூட்டத்துக்கும்
நான்கு பென்சில்.