பச்சைத் தொட்டி

செக்காலை ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து.
தகரக் கூரை, இருமுகிற மின்விசிறி,
'நிக்கல் முலாம்' என்று நானே எழுதிய பலகை.
உள்ளே என் தொட்டி
கோடையில் வற்றாத ஊருணி போலப்
பச்சையாய்க் கிடக்கும்.
பாசி இல்லை அது.
சாம்பல் நிற உலோகம்
அணுவுக்கு இரண்டு எலக்ட்ரானைத் தொலைத்துவிட்டுத்
தண்ணீருக்குள் நிற்கும் நிறம்.

உண்ணாமலை ஆச்சி வந்தது ஒரு செவ்வாய் மதியம்.
முப்பத்து நாலு வயதிருக்கும்.
ஆத்தங்குடியில் டைல்ஸ் கம்பெனிக்குக் கணக்கெழுதுகிறவள்.
மஞ்சள் பையிலிருந்து பித்தளைத் தூக்கை எடுத்து
"வெள்ளிக்குள்ள வேணும்" என்றாள்.
வெள்ளி இங்கே பூசுவதில்லை, நிக்கல்தான் என்றேன்.
"கிழமையச் சொன்னேன்."
சிரிக்கவில்லை.
மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
சின்னவன் வயிரவனை
கண்டனூரில் பிள்ளை கூட்டிக்கொள்கிறார்களாம்,
ஒரே கோயில், பங்காளி வீடு.
தூக்கு அவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

உள்ளே ஈயம் பூசியிருந்தது.
வெளியே எண்ணெய் போக்கி,
அமிலத்தில் ஒரு முக்கு முக்கி,
செம்புக் கம்பியில் மாட்டித் தொட்டியில் இறக்கினேன்.
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து
அவள் பெட்டியைப் பார்த்தாள்.
"கூட்டல் போட்ட பக்கம் தொங்குறது?"
நிக்கல் தகடு.
"அதுதான கரையுது?"
ஆமாம்.
"கரையறவனுக்கா கூட்டல்?"

கணக்குப்பிள்ளைக்குக் கணக்கில்தான் சொல்ல வேண்டும்.
எலக்ட்ரானே ஒரு கடன் மாதிரி, ஆச்சி.
அதன் உடம்பிலேயே கழித்தல்.
கடன் கழன்றால் ஆள் கூட்டல்,
வாங்கிக்கொண்டவன் கழித்தல்.
இழந்ததும் சரி, வாங்கியதும் சரி,
அதற்குப் பிறகு அணு என்று சொல்வதில்லை,
அயனி.

"அப்ப பெத்த வீடு கூட்டல்" என்று
விரலை மடக்கினாள்.
இன்னொரு விரலை மடக்கப் போய்
அப்படியே வைத்துக்கொண்டாள்.

அப்போது கரண்ட் போனது.

விசிறி நின்றதும்
சந்தில் ஒரு குட்டியானை
பின்னால் வருகிற சத்தம் கேட்டது.
தகட்டை விட்டுக் கிளம்பியவை
தூக்கைத் தொடாமல்
பச்சைக்குள் நிற்கும் இப்போது,
இந்தச் சுவரும் இல்லை அந்தச் சுவரும் இல்லை.

"போன ரெண்டும் எங்க?"
அவை கம்பி வழியாக, ஆச்சி.
இது தண்ணீரில் போகும், அவை செம்பில் போகும்.
தூக்கின் தோலில் எல்லாம் மறுபடி சேரும்,
சேர்ந்ததும் பச்சை போய் உலோகமாகிவிடும்.
"அதே ரெண்டா?"
அதேதானா என்று யாராலும் சொல்ல முடியாது.
ஒன்றைப்போல இன்னொன்று.
எலக்ட்ரானுக்கு மச்சம் கிடையாது.

"வயிரவனுக்கு உண்டு" என்றாள்.
"இடது காதுக்குப் பின்னால."

நான் கைகளைத் துடைத்தேன்,
துடைத்த கைகளையே திரும்பவும்.
இவ்வளவு நேரம் நான் சொன்னது
உலோகத்துக்குச் சரி.

கரண்ட் வந்தது நாலே காலுக்கு.
பாதியில் நின்ற முலாம் மேல் முலாம் பிடிக்காது,
தோல் போல உரிந்து வரும்.
தூக்கை எடுத்து மறுபடி அமிலத்தில் நனைத்து
முதலிலிருந்து தொடங்கினேன்.
அவள் பஸ்ஸுக்கு நேரமாகியும் இருந்தாள்.

வெள்ளிக்கு முன்னாலேயே, அன்றைக்கே முடிந்தது.
தராசில் எட்டு கிராம் கூடுதல்.
தகட்டில் குறைந்ததும் ஏறக்குறைய அதே எட்டு,
வழியில் எதுவும் காணாமல் போகவில்லை.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அடியில் பெயர் வெட்டியிருந்தது,
அப்பா இனிஷியலோடு.
முலாம் அதை மூடவில்லை,
பள்ளத்துக்குள்ளும் இறங்கி
எழுத்துக்கு எழுத்து பளபளத்தது.
இனிஷியல் மாற்றவேண்டுமானால்
பஜாரில் வெட்டித் தருவார்கள் என்றேன்.

நகத்தால் ஒருமுறை அதன்மேல் ஓட்டினாள்.
"அவங்க மாத்திக்கட்டும்."
இருநூற்று இருபது ரூபாயை எண்ணி வைத்தாள்,
சில்லறை கேட்கவில்லை.