பாத்திரத்தின் எடை

என் வேலை ஈரச்சந்தைகளில்.
மீன்கடை, கீரைக்கடை, உலர்ந்த இறால் விற்கும் மூலைக்கடை.
ஒவ்வொரு தராசிலும் என் எஃகு எடைக்கல்லை வைத்து
ஒரு கிலோ ஒரு கிலோதானா என்று கேட்பேன்.
ஆமென்றால் ஒட்டுவில்லை.
இல்லையென்றால் சண்டை.

ஜனவரி. சாதாரண நிலை முடிவு வந்த மூன்றாம் இரவு.
உட்லண்ட்ஸில் பதினோராவது மாடி.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிப்போன மீ கோரெங்.
தீக்ஷாவுக்குப் பதினொரு புள்ளி.
இந்த ஊரில் இந்தக் கணக்கு தலைகீழ்:
எண் சிறுத்தால்தான் பிள்ளை பெரியவள்.

தொடக்கக் கல்லூரிகளை வரிசையாக அடுக்கினேன்.
முதல் பத்தியில் சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி,
அடுத்ததில் அதற்கு முந்தியது,
மூன்றாவதில் பேருந்து நிமிடங்கள்.
நான்காவதற்கு ‘தரம்’ என்று தலைப்பிட்டு
ஒன்றரை மணிவரை அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டுப்புள்ளி என்பது
கதவு சாத்துமுன் நுழைந்த கடைசிப் பிள்ளையின் எண்.
உள்ளே நடப்பது அதற்குத் தெரியாது.
சந்தையில் இப்படிச் செய்தால் என் வேலை போய்விடும்:
வாளியோடு நண்டை நிறுத்து
நண்டுக்கு விலை சொல்வது.
முதலில் பாத்திரத்தைக் கழிக்க வேண்டும்.
ஐந்தோடு நுழைந்தவன் ‘ஏ’ வாங்கி வெளியே வந்தால்
வாங்கியது அவனா, கல்லூரியா,
வாரம் மூன்று மாலை வந்த டியூஷன் வாத்தியாரா?
பதின்மூன்றோடு நுழைந்தவள் ‘பி’ வாங்கினால்
நடுவிலுள்ள அந்தத் தூரம்
யார் கணக்கில் வரவு?

தேடினேன்.
நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு விழுக்காடு கிடைத்தது,
பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் வரை
ஒரே வெப்பநிலை சொல்வதுபோல.
கல்லூரிவாரியாகத் தேடினால்
பளபளக்கும் கையேட்டில் சிரிக்கும் நான்கு முகங்கள்.
ஒரு கல்லூரியின் எண் மட்டும் ஓராண்டில் இரண்டு இறங்கியிருந்தது.
தரம் ஏறிவிட்டதோ என்று நிமிர்ந்தேன்.
வாசலெதிரே எம்ஆர்டி திறந்திருந்தார்கள்.

விடிந்ததும் குடையோடு போய்
அந்தக் கல்லூரி நிறுத்தத்தில் நின்றேன்.
ஆறே முக்கால் முதல் ஏழேகால்வரை
இறங்கியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
பாதித் தூக்கத்தில் நடந்தவர்கள் பதினேழு.
சிரித்தவர்கள் ஒன்பது.
ஒருவன் கைதவறிய கோப்பு ஈரத்தரையில் விரிந்தபோது
குனிந்து பொறுக்கியவர்கள் மூவர்,
அதில் ஒருவர் ஆசிரியை.
கழுத்தட்டையை வைத்து நானாகச் சொல்கிறேன்.
காவலாளி வந்தார்.
“அங்கிள், யாருக்காக நிற்கிறீங்க?”
“மாதிரி அளவு போதவில்லை” என்றேன்.
அவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

மாலையில் தீக்ஷா என் தாளைப் படித்தாள்.
“மழை பெய்ஞ்சுதுல்ல அப்பா?
மழையில யாரு சிரிப்பா?
அதைக் கழிச்சீங்களா?”

கழிக்கவில்லை.

விண்ணப்பத்தை முந்தின நாளே அனுப்பிவிட்டாளாம்.
முதல் தெரிவு, என் அட்டவணையில் ஏழாவது வரி.
“ஏன்?”
“லேப் சாயங்காலம் ஏழு வரைக்கும் திறந்திருக்கும்.
சோதனை தப்பாப் போனா
மறுபடி செய்ய விடுவாங்களாம்.
நெட்பால்ல ஒரு அக்கா சொன்னா.”
ஓர் அக்கா.
சாட்சி ஒன்று, பிழைவரம்பு தெரியாது.
நான்காவது பத்தியில் அதைத் தட்டினேன்,
கட்டம் போதாமல்
எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்தது.

மறுநாள் சந்தை.
மீன்கடை கோவின் தராசு
காலித் தட்டில் இரண்டு கிராம் காட்டியது.
“நேத்து மீனோட ஈரம்லா” என்று துடைத்தார்.
இன்னும் இரண்டு.
மறுபடி துடைத்தார்.
ஒட்டுவில்லையை விரல்நுனியில் வைத்தபடி
நான் நின்றுகொண்டிருந்தேன்,
பின்னால் வரிசை வளர வளர.